ஹோமியோபதி சிகிச்சை: டாக்டர் அறையிலிருந்து டிராம் பாட்டில் வரை ஒரு மதிப்பீடு

ஹோமியோ டாக்டரிடம் முதல் முறை போகிறவர்கள் ஒரு மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும். தலைவலி என்று போய் உட்கார்ந்தால் அவர் தலையைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார். வலி எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, அசைந்தால் கூடுகிறதா, படுத்தால் குறைகிறதா, வெயில் ஆகுமா, ஃபேன் காற்று ஆகுமா, தண்ணீர் ஒரு மடக்கா ஒரு சொம்பா, இனிப்பு பிடிக்குமா புளிப்பா, கோபம் வந்தால் கத்துவீர்களா மனசுக்குள்ளே வைத்துக்கொள்வீர்களா, என்ன கனவு வருகிறது என்று வரிசையாகக் கேட்டு எழுதுவார். இதைக் 'கேஸ் எடுப்பது' என்பார்கள். நன்றாகக் கேஸ் எடுக்கும் டாக்டர்தான் இந்த மருத்துவ முறையில் கிடைக்கும் மிகச் சிறந்த சேவை. அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் இரண்டு நிமிடமும் தனியார் கிளினிக்கில் ஐந்து நிமிடமும் பார்த்துப் பழகிய நோயாளிக்கு, தன் உடம்பைப் பற்றி முழுசாக ஒருவர் கேட்பதே பெரிய ஆறுதல். அந்த ஆறுதலைக் குறைத்து மதிப்பிட மாட்டோம்.

அவ்வளவும் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஹோமியோவில் மருந்து நோயின் பெயருக்கு இல்லை, நோயாளியின் அறிகுறிகளுக்கு. ஒரே மூட்டுவலிதான். எழுந்து நடக்க நடக்க வலி இளகுகிறது என்றால் ரஸ் டாக்ஸ் என்ற மருந்து. துளி அசைந்தாலும் உயிர் போகிறது, வலிக்கிற பக்கத்தையே அழுத்திப் படுத்தால் தேவலை, தாகம் அதிகம் என்றால் பிரையோனியா. ராத்திரி கண்விழிப்பு, காரம், காபி, மலச்சிக்கல், எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்றால் நக்ஸ் வாமிகா. குறிகளை ரெப்பர்ட்டரி என்ற அகராதியில் தேடி, எந்த மருந்தில் அதிகம் பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். முன்பு தடித்த புத்தகம், இப்போது கம்ப்யூட்டர்.

ஒரு டாக்டரின் தரத்தை இந்த இடத்திலேயே எடை போடலாம். பத்து நிமிடத்துக்குள் நான்கு பாட்டில் எழுதிக் கொடுத்தால் அவர் ஹோமியோபதியின் சொந்த விதியையே பின்பற்றவில்லை. ஒரு நேரத்தில் ஒரே மருந்து என்பதுதான் இந்த முறையைத் தொடங்கிய ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் ஹானிமன் வகுத்தது. கடைக் கவுன்டரில் 'தைராய்டுக்கு இது, கல்லுக்கு இது, முடி கொட்டுவதற்கு இது' என்று எண் போட்ட கூட்டு மருந்துச் சொட்டுகளை எடுத்து நீட்டுவதும் அதே கணக்கில்தான் சேரும். கேஸ் எடுக்காமல் வாங்கும் ஹோமியோவில் அதன் நல்ல பாதியை விட்டுவிட்டு மீதிக்குக் காசு கொடுக்கிறோம்.

நம் ஊரில் பலர் ஹோமியோவை நாட்டு மருந்தோடு சேர்த்துவிடுகிறார்கள். நிலவேம்புக் குடிநீர் சித்த மருத்துவம், அதற்கும் இதற்கும் உறவில்லை. அரசு இரண்டையும் ஆயுஷ் என்ற ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பதால் வரும் குழப்பம் இது. ஹானிமன் 1790இல், மலேரியாவுக்குக் கொடுத்துவந்த சின்கோனா மரப்பட்டையைத் தானே சாப்பிட்டுப் பார்த்து, மலேரியா போன்ற குறிகள் தனக்கு வந்ததாகக் கண்டு, 'ஒத்ததை ஒத்தது தீர்க்கும்' என்ற கொள்கைக்கு வந்தார். 1810இல் அதை நூலாக்கினார். தஞ்சாவூரில் 1847இலேயே சாமுவேல் புரூக்கிங் என்ற ஓய்வுபெற்ற சர்ஜன் ஹோமியோ மருத்துவமனை தொடங்கினார். ஆக, இங்கே வந்தும் ரொம்ப காலம் ஆகிறது.

பாட்டிலுக்குள் இருப்பது

மருந்துச் செடியைச் சாராயத்தில் ஊறவைத்து எடுப்பது மதர் டிங்க்சர். சீட்டில் 'க்யூ' என்று எழுதுவார்கள். அதில் ஒரு பங்கை எடுத்து 99 பங்கு சாராயத்தில் விட்டு, பாட்டிலைப் பத்து முறை ஓங்கித் தட்டிக் குலுக்கினால் 1சி. அந்த 1சி-யில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் விட்டுக் குலுக்கினால் 2சி. இப்படியே 30 தடவை போனால், சீட்டில் வெறும் '30' என்று எழுதும் வீரியம் வரும். தாமிரம், கந்தகம், சிப்பி ஓடு போன்ற கரையாத பொருள்களைப் பால் சர்க்கரையோடு சேர்த்துக் கல்வத்தில் மணிக்கணக்கில் அரைத்து, 3சி-க்குப் பிறகு திரவத்துக்கு மாற்றுவார்கள். 'எக்ஸ்' என்று போட்டிருந்தால் நூறுக்குப் பதில் பத்துப் பங்கு வீதம் கலந்தது. 200, ஒன் எம், டென் எம் என்பவை இன்னும் மேலே. எண் கூடக் கூட மருந்து வலுவாகிறது என்பது ஹோமியோ கொள்கை. பொருளின் அளவோ படிக்குப் படி குறைந்துகொண்டே போகிறது.

கணக்கு எளிது. 30சி என்றால் 1-க்குப் பின்னால் 60 சைபர் போட்ட எண்ணில் ஒரு பங்கு. எந்தப் பொருளானாலும் 12சி-யைத் தாண்டினால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட அந்த பாட்டிலில் மிஞ்ச வாய்ப்பில்லை. வேதியியலில் பிளஸ் டூ படித்தவர்கள் அவகாட்ரோ எண்ணை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். ஆர்சனிகம் ஆல்பம் 30 என்ற பெயரில் ஆர்செனிக் இருக்கிறது, பாட்டிலில் இல்லை. அதனால்தான் அது விஷமாவதில்லை. அதே காரணத்தால்தான் அது மருந்தாகவும் எப்படி வேலை செய்யும் என்ற கேள்வி எழுகிறது. தண்ணீருக்கு நினைவுண்டு என்ற விளக்கம் சொல்லப்படுகிறது. 1988இல் ழாக் பென்வெனிஸ்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அப்படியொரு முடிவை நேச்சர் இதழில் வெளியிட்டார். இதழின் குழு அவருடைய ஆய்வகத்துக்கே போய், எந்தக் குழாயில் எது என்று தெரியாதபடி மூடிவைத்துச் சோதனை செய்தபோது அந்த முடிவு திரும்ப வரவில்லை.

ஆராய்ச்சிப் பக்கம் நிலைமை என்ன என்று கேட்பவர்களுக்கு: லான்செட் இதழில் 2005இல் வந்த ஒப்பீடு, 110 ஹோமியோ ஆய்வுகளையும் 110 அலோபதி ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. தரமான, பெரிய ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் ஹோமியோவின் பலன் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையின் பலனோடு ஒத்துப்போனது. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015இல் 176 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, எந்த நோய்க்கும் நம்பத்தகுந்த சான்று இல்லை என்றது. 150 பேருக்குக் குறைவான ஆய்வுகளைக் கணக்கில் எடுக்காதது தவறு என்று ஹோமியோ அமைப்புகள் வாதாடின. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவை 2017இல் ஹோமியோ எழுதுவதை நிறுத்தச் சொன்னது. ஹோமியோவுக்குப் பேர்போன பிரான்ஸ் 2021 ஜனவரி 1 முதல் அதற்கான காப்பீட்டுப் பணத்தை நிறுத்தியது. இந்தியாவில் இது சட்டம் அங்கீகரித்த மருத்துவம். பட்டப்படிப்பும் ஆணையமும் உண்டு. சட்ட அங்கீகாரம் வேறு, பலனுக்கான சான்று வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது.

அப்படியானால் குணமானவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. குழந்தைகளின் மரு பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானே உதிர்கிறது. அந்த இடைவெளியில் துஜா கொடுத்திருந்தால் துஜாவுக்குப் பெயர். 5 மி.மீ.க்குள் இருக்கும் சிறுநீரகக் கல் பெரும்பாலும் தண்ணீர் குடித்தாலே இறங்கிவிடும். பெர்பெரிஸ் அந்தப் பெயரைத் தட்டிக்கொள்ளும். மனிதன் டாக்டரைத் தேடிப் போவதே தொந்தரவு உச்சத்தில் இருக்கும்போதுதான், அடுத்த வாரம் அது எப்படியும் கொஞ்சம் இறங்கும். கூடவே ராத்திரி கண்விழிக்காதே, காபியைக் குறை என்ற நல்ல புத்திமதியும் சேர்கிறது. ஒருவர் அக்கறையாகக் கேட்டதால் மனம் லேசாகிறது. நோயாளிக்குக் கிடைத்த நிவாரணம் உண்மை, அது மருந்து விட்ட சர்க்கரை உருண்டையிலிருந்து வந்தது என்பதற்குத்தான் சான்று இல்லை. ஹோமியோ டாக்டர்களே மருந்துக்கும் மருந்துக்கும் இடையில் மருந்து சேர்க்காத பால் சர்க்கரையைக் கொடுப்பது வழக்கம். சீட்டில் 'சாக் லாக்' அல்லது 'எஸ்.எல்.' என்று இருந்தால் அதுதான். ஹானிமனே சொன்ன முறை இது. அந்த வாரங்களிலும் நோயாளி நன்றாகத்தான் இருக்கிறார்.

கடையில் கவனிக்க வேண்டியது

கடைக்காரர் கையைப் பாருங்கள். ஒரு டிராம் அல்லது இரண்டு டிராம் பாட்டிலில் (ஒரு டிராம் சுமார் 3.7 மி.லி.) முக்கால் வரை வெள்ளை உருண்டைகளைக் கொட்டுவார். 30, 40 என்று உருண்டைக்கு நம்பர் உண்டு. பத்து உருண்டைகளை வரிசையாக வைத்தால் எத்தனை மில்லிமீட்டர் வருகிறதோ அதுதான் நம்பர். மேலே சில சொட்டு மருந்து விட்டு, மூடி, பாட்டிலைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் குலுக்கி எல்லா உருண்டையும் நனையும்படி செய்வார். சாராயம் 90 சதவீதம் போல இருப்பதால் சர்க்கரை கரையாது. சாராயம் ஆவியாகி உருண்டை உதிரியாக நிற்கும். தண்ணீர் கலந்த, சாராயம் குறைந்த டிங்க்சரை உருண்டையில் விட்டால் மேல்பகுதி கரைந்து கட்டியாகிப் பாட்டிலோடு ஒட்டிக்கொள்ளும். ஈரக் கையால் எடுத்தாலும், கடலோர ஊர்களில் மூடியைத் திறந்து வைத்தாலும் இதேதான் ஆகும். கட்டியான பாட்டில் கொடுத்தால் வாங்க வேண்டாம், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இதில் பெரிய குறை, நிரப்பிக் கொடுக்கும் டிராம் பாட்டிலில் பெயர் இருப்பதில்லை. 'ஏ', 'பி' என்று பேனாவால் எழுதிய துண்டுச் சீட்டுதான். என்ன மருந்து, என்ன வீரியம், எந்தத் தேதி என்று எழுதித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. நாளைக்கு வேறு டாக்டரிடம் போனாலும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போனாலும், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். 'வெள்ளை உருண்டை' என்ற பதிலால் அவர்களுக்கு ஒரு உபயோகமும் இல்லை. எழுதித் தர மறுக்கும் இடத்துக்கு இரண்டாவது தடவை போக வேண்டாம்.

சீல் வைத்த பாட்டிலாக வாங்குவது நல்லது. லேபிளில் ஹோமியோபதி மருந்து என்ற வார்த்தை, மருந்தின் பெயர், வீரியம், தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், சாராயத்தின் சதவீதம் எல்லாம் இருக்க வேண்டும். ஒற்றை மருந்துக்கு வணிகப் பெயர் சூட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. கூட்டு மருந்தில் ஒவ்வொன்றின் பெயரும் வீரியமும் தனித்தனியாக இருக்க வேண்டும். 12 சதவீதத்துக்கு மேல் சாராயம் உள்ளதை 30 மி.லி.க்கு மேற்பட்ட பாட்டிலில் சில்லறையாக விற்கக் கூடாது. கடைக்கு 20சி என்ற படிவத்தில் உரிமம் இருக்க வேண்டும், அது சுவரில் மாட்டியிருக்கும். ஜெர்மன் இறக்குமதி 11 மி.லி. பாட்டிலுக்கு உள்நாட்டுத் தயாரிப்பின் 30 மி.லி.யைவிட அதிக விலை சொல்வார்கள். 30சி-யும் 200-உம் வாங்குகிறவர்கள் அந்த விலை வித்தியாசத்தைக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. உள்ளே இருப்பது இரண்டிலும் சாராயம்தான்.

சர்க்கரை நோயாளிகள் அடிக்கடி கேட்பதற்குப் பதில்: 40 நம்பர் உருண்டை ஒன்று ஏறக்குறைய 50 மில்லிகிராம். நான்கு வீதம் மூன்று வேளை போட்டாலும் அரை கிராமைச் சற்றுத் தாண்டும், அதனால் சுகர் ஏறாது. இருமல் சிரப், டானிக் வகைகளின் கணக்கு வேறு, அவற்றின் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். தாது உப்புகளை நீர்த்துச் செய்யும் பயோகெமிக் மாத்திரைகள் பால் சர்க்கரையால் ஆனவை. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வயிறு உப்பலாம். குடியை நிறுத்த டைசல்ஃபிராம் சாப்பிடுகிறவர்களுக்குச் சாராயச் சொட்டு ஆகவே ஆகாது. மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கோர்ஸில் இருப்பவர்களும் சொட்டு மருந்தைத் தவிர்க்க வேண்டும். காய்ந்த உருண்டையாகக் கேளுங்கள்.

பயோகெமிக் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கர்ப்பிணிகள் வீட்டில் இது அதிகம் புழங்குகிறது. ரத்தசோகைக்கு ஃபெரம் பாஸ் 6எக்ஸ் என்று கொடுப்பார்கள். 6எக்ஸ் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மாத்திரை 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் இரும்பு உப்பு 0.1 மைக்ரோகிராம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் சத்து மாத்திரை ஒன்றில் இரும்பு 60 மில்லிகிராம். அந்த ஒரு மாத்திரைக்கு ஈடாக ஃபெரம் பாஸ் ஆறு லட்சத்துக்கு மேல் சாப்பிட வேண்டும். இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்குகிறது, வயிற்றைப் பிடிக்கிறது என்பதால் கர்ப்பிணிகள் அதை ஒதுக்கிவிட்டு இனிப்பு மாத்திரைக்கு மாறுவது நடக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வயிறு பிடித்தால் நர்ஸிடம் சொல்லி, சாப்பிடும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கிப் பிரசவத்துக்குப் போவது தாயின் உயிரோடு விளையாடுவது.

பக்கவிளைவே இல்லை என்ற பேச்சு

30சி, 200 விஷயத்தில் இது சரி. மதர் டிங்க்சர், 3எக்ஸ் போன்ற கீழ்வீரியங்கள் விஷயத்தில் சரியில்லை. அவற்றில் பொருள் நிஜமாகவே இருக்கிறது, எனவே விளைவும் பக்கவிளைவும் இருக்கும். ராவுல்ஃபியா க்யூ என்பது சர்ப்பகந்தா வேர். அதில் உள்ள ரிசர்பின் பிரஷரை இறக்கும், மந்தமாக்கும், மனச்சோர்வு தரும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் இதையும் 20 சொட்டு வீதம் சேர்த்தால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டி விழுவார். ஹைப்பெரிகம் க்யூ என்ற டிங்க்சர், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடும் கருத்தடை மாத்திரையோடும் மனச்சோர்வு மாத்திரைகளோடும் மோதும். ஆர்செனிக், பாதரச உப்புகளின் 3எக்ஸ் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதை மறக்க வேண்டாம். அமெரிக்காவில் பெல்லடோனா என்ற விஷச் செடி கலந்த ஹோமியோ பல்முளைப்பு மாத்திரைகளைப் பற்றி அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்து, 2017 தொடக்கத்தில் மாத்திரைக்கு மாத்திரை பெல்லடோனா அளவு மாறியிருந்ததைச் சோதனையில் கண்டது. நீர்த்தல் சரியாக நடக்காவிட்டால் பாதுகாப்பும் போய்விடும். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் விதி: 12சி-க்கு மேற்பட்ட வீரியத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம், 'க்யூ' என்றோ ஒற்றை இலக்க எக்ஸ் என்றோ இருந்தால் அலோபதி டாக்டரிடம் காட்டாமல் வாயில் போட வேண்டாம்.

கண்புரைக்கு சினரேரியா சொட்டு நம் ஊர்களில் நன்றாக ஓடுகிறது. வளர்ந்த புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எந்த மருத்துவத்திலும் இல்லை. சொட்டு விட்டுக்கொண்டே தள்ளிப்போட்டால் புரை முற்றி, அறுவை கடினமாகிறது. கண் அழுத்த நோயும் கூடவே இருந்து அது கவனிக்கப்படாமல் போனால், போன பார்வை திரும்பாது. அரசு மருத்துவமனைகளிலும் கண் முகாம்களிலும் லென்ஸ் வைத்து இலவசமாகவே செய்கிறார்கள்.

லேபிளே இல்லாத பொட்டலப் பொடி இன்னொரு ஆபத்து. ஆஸ்துமாவோ மூட்டுவாதமோ இரண்டே நாளில் மாயமாக அடங்கி, பசி எடுத்து, முகம் உப்பி, சுகர் ஏறினால் பொடியில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொடியையும் எடுத்துக்கொண்டு பொது மருத்துவரிடம் போங்கள்.

எங்கே தவறிப்போகிறது

மருந்தைவிட, மருந்தோடு வரும் விதிகளால்தான் நோயாளிக்கு நஷ்டம் அதிகம். காபி, பூண்டு, பச்சை வெங்காயம், கற்பூரம், சென்ட் ஆகாது, கையால் தொடக் கூடாது, செல்போன் பக்கத்தில் வைக்கக் கூடாது, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் வாய் சுத்தமாக இருக்க வேண்டும். காய்ந்த இடத்தில் வைப்பதும் ஈரக் கை படாமல் எடுப்பதும் நல்ல பழக்கம். மற்றவை மருந்து பலிக்காதபோது பழியை நோயாளி தலையில் கட்ட வசதியாக இருக்கின்றன. 'நீங்க காபி குடிச்சிருப்பீங்க' என்ற ஒரு வரியில் டாக்டர் தப்பித்துவிடுகிறார். தொந்தரவு குறைந்தால் மருந்து வேலை செய்கிறது. கூடினால் 'அக்ரவேஷன்', அப்போதும் மருந்து வேலை செய்கிறது. மாறாமலே இருந்தால் வீரியத்தை மாற்ற வேண்டும். இந்த மூன்று பதிலில் எது வந்தாலும் நோயாளி சிகிச்சையைத் தொடரத்தான் செய்வார்.

தோல் நோய்க்காரர்கள் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். குணமாதல் உள்ளிருந்து வெளியே வரும் என்ற ஹெரிங் விதியைச் சொல்லி, ஆயின்மென்டை நிறுத்தச் சொல்வார்கள். எக்ஸிமா கொழுந்துவிட்டு எழும்பும். 'உள்ளே இருந்தது வெளியே தள்ளுது, நல்லது' என்பார்கள். அது மருந்தை நிறுத்தியதால் வந்த கொதிப்பு. சீழ் கோத்து, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதற்கு மாற்று, கெடு குறித்துவிட்டுத் தொடங்குவது. முதல் உருண்டை போடும் முன் நோட்டில் எழுதுங்கள்: போன மாதம் தலைவலி எத்தனை நாள், அதில் எத்தனை நாள் மாத்திரை போட்டேன், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை. மரு என்றால் பக்கத்தில் ஸ்கேல் வைத்து போட்டோ. தூக்கம் என்றால் படுத்த நேரம், எழுந்த நேரம். வாசனை ஆகாமல் வரும் தும்மல் என்றால் காலையில் எத்தனை கைக்குட்டை நனைந்தது என்றுகூட எழுதலாம். எட்டு வாரம் கெடு. நாள்பட்ட தொந்தரவுக்கு மூன்று மாதம். கெடு முடிந்ததும் நோட்டைத் திறந்து எண்களை ஒப்பிடுங்கள். பாதியாகவாவது குறையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். இந்த நோட்டை டாக்டரிடமே காட்டித் தொடங்குவது நல்லது. நேர்மையான ஹோமியோ டாக்டர் இதை வரவேற்பார். 'எண்ணிக்கை எல்லாம் இதில் பார்க்கக் கூடாது' என்கிறவரிடம் அங்கேயே விடைபெறலாம்.

பழைய மருந்தை நிறுத்துவது இன்னொரு விஷயம். தைராக்ஸின், இன்சுலின், வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாத மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், மனநோய் மருந்து ஆகியவற்றை எந்த ஹோமியோ டாக்டர் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். தைராக்ஸினை விட்டால் முதல் சில வாரம் ஒன்றும் தெரியாது, அதுதான் ஏமாற்றும். டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்காமல் 'நல்லா இருக்கேன்' என்று சொல்ல முடியாது.

போகலாம் என்று நாங்கள் சொல்லக்கூடிய பட்டியல் சிறியது. சளி, பருவம் மாறும்போது வரும் தும்மல், மரு, பரீட்சைப் பதற்றம், லேசான தூக்கமின்மை, பரிசோதனையில் வேறு எதுவும் இல்லை என்று உறுதியான வயிற்றுப் பொருமல். காத்திருப்பதால் எதுவும் கெட்டுப்போகாத தொந்தரவுகள் இவை. போகக் கூடாதவற்றில் நாய்க்கடியை முதலில் வைக்கிறோம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசி போட வேண்டும். நோய்ப் பொருளிலிருந்து நீர்த்த 'நோசோட்' எந்தத் தடுப்பூசிக்கும் மாற்று இல்லை. ரேபிஸ் குறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழி அநேகமாக இல்லை. டெங்குக் காய்ச்சலில் காய்ச்சல் விடும் சமயம்தான் ஆபத்தான சமயம். அப்போது உருண்டை போட்டுக் 'காய்ச்சல் விட்டுடுச்சு' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை, அரசு மருத்துவமனையில் இலவசம். நெஞ்சுவலி, பாம்புக்கடி, மார்பில் கட்டி, குழந்தைக்கு மூச்சிரைப்பு, வலது அடிவயிற்றில் நிற்காத வலி ஆகியவற்றுக்கு இந்தப் பக்கமே வர வேண்டாம்.

யாரிடம், எவ்வளவுக்கு

தகுதி பி.எச்.எம்.எஸ். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு. மாநில ஹோமியோபதி கவுன்சில் பதிவு எண் போர்டிலும் சீட்டிலும் இருக்க வேண்டும். தபால் வழி டிப்ளமா வைத்திருப்பவர் டாக்டர் இல்லை. ஒரு நல்ல டாக்டருக்கு அடையாளம், 'இது என் கையில் இல்லை, ஸ்கேன் எடுத்துவிட்டு சர்ஜனைப் பாருங்கள்' என்று தயங்காமல் சொல்வது. அப்படிச் சொல்கிறவர்கள் இந்தத் துறையில் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

காசு செலவழிக்காமல் பார்க்க மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாணவர்கள் கேஸ் எடுத்துப் பழகும் இடம் என்பதால் கேள்விகள் நிதானமாக வரும். சில அரசு மருத்துவமனைகளிலும் ஹோமியோ பிரிவு உண்டு, போகும் முன் டாக்டர் வரும் நாளைக் கேட்டுக்கொள்வது நல்லது. தனி டாக்டர்களிடம் பெரும்பாலும் மருந்தும் சேர்த்தே கட்டணம் வாங்குவார்கள். எது ஆலோசனைக்கு, எது மருந்துக்கு என்று பிரித்து ரசீது கேளுங்கள்.

சங்கிலி கிளினிக்குகளில் நாங்கள் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்வது வருடப் பேக்கேஜ். முடி, வெண்புள்ளி, பி.சி.ஓ.டி. என்ற சினைப்பை நீர்க்கட்டி, சோரியாசிஸ் என்று ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள், இ.எம்.ஐ. வசதியும் காட்டுவார்கள். முதல் அரை மணி பேசுகிறவர் டாக்டராக இல்லாமல் 'கவுன்சிலர்' என்ற விற்பனையாளராக இருப்பதும் உண்டு. பணம் கட்டியவர் பலன் இல்லாவிட்டாலும் கட்டிய பணத்துக்காகத் தொடர்ந்து போவார், அந்த மாதங்களில் சரியான சிகிச்சை தள்ளிப்போகும். மாதாமாதம் கட்டுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள். வெண்புள்ளி, சர்க்கரை நோய், புற்றுநோய், கண்புரை, உயரம் கூட்டுதல் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம் தடை செய்கிறது. போஸ்டரிலோ போன் திரையிலோ அப்படி விளம்பரம் வந்தால், அந்த விளம்பரத்தையே அந்த கிளினிக்கை ஒதுக்கக் காரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் பாலிசியில் 'ஆயுஷ்' என்று இருப்பதைப் பார்த்து ஹோமியோ செலவும் கிடைக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது பொதுவாக உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான். ஹோமியோவில் ஏறக்குறைய எல்லாமே வந்து வாங்கிப் போகும் சிகிச்சை. ஓ.பி. செலவைத் தனியாகச் சேர்த்த பாலிசியாக இல்லாவிட்டால் ஒரு ரூபாயும் வராது. க்ளெய்ம் போட்டுத் தருகிறோம் என்று சும்மா அட்மிஷன் காட்டச் சொல்லும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மோசடி என்று தெரிந்தால் பாலிசியே ரத்தாகும்.